ஐப்பசியில் ஒரு சுற்று: பூங்கா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் பெரிய பூங்காக்களைத் திட்டமிடும், கட்டும், பராமரிக்கும் துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் ஆய்வுக் கூட்டம் நடத்துகிறீர்கள். வடிகால் தூர்வாருதல், பட்டுப்போன கிளைகளை வெட்டுதல், மோட்டார் பம்புகளைச் சரிபார்த்தல் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். ஒவ்வொரு பெரிய பூங்காவிலும், வாசலில் தொடங்கி வாசலிலேயே முடியும் ஒரு சுற்றுப்பாதையைச் சக்கர நாற்காலிக்கென்று குறித்து வையுங்கள். மழைக்காலம் முழுவதும் தினமும் காலையில் அந்தப் பாதையைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். பெரிய கட்டுமானம் எதையும் நான் கேட்கவில்லை. கேட்டால் டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் வந்து, அவர் போய், இரண்டு மழைக்காலம் கழிந்துவிடும்.

நான் கைகளால் தள்ளிச் செல்லும் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். மோட்டார் கிடையாது. பெரும்பாலும் தனியாகத்தான் வருவேன். சில சமயம் தங்கை வருவாள். நகரின் நடுவில் இருக்கும் ஒரு பெரிய பூங்காவுக்கு அடிக்கடி போகிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு வாசலில் மட்டும் மறுநாளே சிமென்ட் பூசி, புகைப்படம் எடுத்து, "குறை நிவர்த்தி செய்யப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவீர்கள். மற்றப் பூங்காக்களின் கோப்புகள் திறக்கப்படவே மாட்டா.

"மழை நேரத்தில் எதற்கம்மா பூங்காவுக்கு வருகிறீர்கள்?" என்று வாசலில் இருக்கும் காவலர் ஐயா கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் என்றால் மரமெல்லாம் சிவந்து நிற்கும் படங்களைப் பார்த்திருக்கிறோம். சென்னையில் அதே மாதங்கள் நேர்மாறாக இருக்கின்றன. இங்கே வாதாம் மரத்தின் இலை சிவந்து விழுவதற்கே தை, மாசி ஆகிவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் நம் பழைய கணக்கில் கூதிர்காலம். ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்க்கும் பருவம். வெயில் கொளுத்தும் மாதங்களில் என் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் கைவளையத்தைத் தொட முடியாது. காலை ஒன்பது மணிக்கே இரும்பு சுடும். உள்ளங்கையில் வியர்வை வழுக்கும். மரத்தடி வரை போய்ச் சேர்வதற்குள் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்த பிறகுதான் எனக்குப் பூங்கா திறக்கிறது.

அப்போது மரமல்லி பூக்கிறது. நெட்டையான மரம், பூ எங்கோ உச்சியில் இருக்கும். இரவில் மலர்ந்து விடிவதற்குள் தரையில் கொட்டிக் கிடக்கும். நடப்பவர்கள் குனிந்து எடுக்க வேண்டும். எனக்குக் கையைத் தொங்கவிட்டால் போதும். நீண்ட வெள்ளைக் காம்பு, நுனியில் மெழுகு போன்ற இதழ்கள். நனைந்த பூவில் வாசனை குறைவுதான். மடியில் போட்டுக்கொண்டால் உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆறுமணிக்குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு அக்டோபர் வாக்கில் தெற்கே வரும் பறவை. இறக்கையில் நீலமும் பச்சையும், வாலடியில் குங்குமச் சிவப்பும் இருக்கும். இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு புதரடியில், ஈர இலைக்குப்பையைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும். மேலே பார்த்து நடப்பவர்களுக்கு எளிதில் தென்படாது. என் கண் இருக்கும் உயரம் வேறு. ஒரு மூங்கில் புதரின் ஓரம் நாற்காலியை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தால், சில அடி தூரத்தில் அது தத்தித் தத்தி வந்து, தலையைச் சாய்த்து, ஓர் இலையைத் தூக்கி எறியும். பூங்காவில் எனக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது என்று ரகசியமாகப் பெருமைப்பட்டதுண்டு.

அந்த மூங்கில் புதர் வரை எப்படிப் போகிறேன் என்பதுதான் உங்களோடு பேச வேண்டிய விஷயம்.

வாசலில் இரண்டு வளைகம்பிகளை எதிரெதிராக நட்டிருக்கிறீர்கள். பைக் உள்ளே வராமலிருக்க. அதன் வழியே நாற்காலியும் வராது. பக்கத்தில் பெரிய கதவு இருக்கிறது. அதில் சங்கிலி போட்டுப் பூட்டு. குப்பை லாரிக்கும் பெரிய மனிதர்களின் காருக்கும் திறக்கும். எனக்கும் திறப்பார்கள், சாவி வைத்திருப்பவர் கிடைத்தால். அதுவரை வாசலில் காத்திருப்பேன். டிக்கெட் கவுன்ட்டரில் "மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை" என்று எழுதியிருக்கிறது. நல்ல மனதோடு எழுதியதாகவே இருக்கட்டும். முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிடுகிறேன், கதவைத் திறந்து வையுங்கள்.

உள்ளே வந்ததும் சாய்தளம். அரையடி உயரத்தை ஏற ஆறடி நீளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற இந்தக் கணக்கு உங்கள் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கட்டியிருப்பது மூன்றடி. அதற்கு மேல் பளபளக்கும் கிரானைட் பதித்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவேன். மழை பெய்து பாசி படர்ந்த கிரானைட்டில் சக்கரம் சுழலும், நாற்காலி நகராது. சொரசொரப்பான சிமென்ட் போதும், ஐயா. அழகுக்குச் செலவிட்ட காசுதான் என்னைக் கீழே தள்ளுகிறது.

சாய்தளத்தின் மேல் முனையில் ஒரு மூலை உண்டு. யாரும் அதிகம் நடக்காத மூலை என்பதால், காலையில் பெருக்கிய இலைக்குப்பையெல்லாம் அங்கேதான் குவிக்கப்படும். வண்டி வந்து அள்ளும்வரை அங்கேயே இருக்கும். புயலுக்கு மறுநாள் ஒடிந்த கிளைகளையும் "ஓரமாகத் தள்ளி வைத்தோம்" என்றார்கள். அந்த ஓரம்தான் எனக்கு வழி. பெருக்கும் அக்காக்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருமுறை நான் சொன்னேன். மறுவாரம் குப்பை வேறு இடத்தில் இருந்தது. ஒரு மாதத்தில் அந்த அக்காவை வேறு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். குப்பை பழைய மூலைக்கே வந்துவிட்டது. உத்தரவாக எழுதிப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பேவர் கற்கள் பதித்த பாதையைப் பற்றி நிறையச் சொல்லலாம். மணல் மேல் அடுக்கிய கற்கள் அவை. மழைநீர் மணலை அரித்துக்கொண்டு போனதும் ஒரு கல் தாழும், பக்கத்துக் கல் தூக்கும். காலால் நடப்பவருக்கு அது ஒரு சின்ன ஆட்டம். என் நாற்காலியின் முன்சக்கரங்கள் உள்ளங்கை அகலம் கூட இல்லாதவை. அரை அங்குல மேடு போதும், அவை குறுக்கே திரும்பி அப்படியே நின்றுவிடும். வேகமாக வந்தால் நாற்காலி நிற்கும், நான் நிற்க மாட்டேன். தூங்குமூஞ்சி மரங்களின் வேர் பாதையைத் தூக்கிய இடங்களில் இது தினப்படி சர்க்கஸ். மரத்தை வெட்டுங்கள் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். வேருக்கு இடம் விட்டுப் பாதையை இரண்டடி வளைத்துப் போடுங்கள். மரம் முதலில் வந்தது.

வடிகால் மேல் போடும் கம்பி மூடிகள் இன்னொரு தொல்லை. கம்பிகளின் இடைவெளி பாதை போகும் திசையிலேயே நீண்டிருந்தால் முன்சக்கரம் அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதே மூடியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இடைவெளி அரை அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால் முழுவதும் தீர்ந்தது. முதல் வேலைக்கு ஒரு கடப்பாரையும் பத்து நிமிடமும் போதும்.

தேங்கிய தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டையைக் கண்டால் மற்றவர்கள் ஓரத்துக் கல்லில் கால் வைத்துத் தாண்டுகிறார்கள். நான் ஆழம் தெரியாமல் இறங்க வேண்டும், இல்லை திரும்ப வேண்டும். இறங்கினால் சக்கரத்தில் ஏறும் சேறு கைவளையத்துக்கு வரும். அங்கிருந்து உள்ளங்கைக்கும் புடவைக்கும், கடைசியில் வீட்டுக் கூடத்துக்கும் வரும்.

இனி மழையே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சென்னை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்போது குடை பிடிக்க முடியாது. மழைக்கோட்டு போட்டால் மடியில் குளம் கட்டும். பூங்காவில் மழைக்கு ஒதுங்க அழகான மண்டபம் கட்டியிருக்கிறீர்கள். ஓட்டுக்கூரை, கல்தூண், மூன்று படிகள். ஒரு கார்த்திகை மாலையில் மழை பிடித்துக்கொண்டபோது எல்லோரும் ஓடிப்போய் அதில் ஏறிக்கொண்டார்கள். நான் படியின் கீழே நின்றேன். மேலேயிருந்து ஓர் அம்மா தன் துப்பட்டாவை நீட்டி என் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்தார். நான்கு இளைஞர்கள் இறங்கி வந்து, "தூக்கிவிடுகிறோம், அக்கா" என்றார்கள். ஒருவர் பிடித்தது கைத்தாங்கியை. அது கழற்றக்கூடிய கைத்தாங்கி; பாதிப் படியில் கையோடு வந்துவிட்டது. நான் விழவில்லை, சாய்ந்து நின்றேன். அந்தப் பிள்ளைகளின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஈரப் படியில் ஒரு பெண்ணை நாற்காலியோடு தூக்கும் நிலைக்கு அவர்களை ஆளாக்கிய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்மேல் கோபம் உண்டு. தரையோடு தரையாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தால் கூட எல்லோருமே நனையாமல் இருந்திருப்போம்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு இல்லை. நீல நிறப் பலகை, அதில் சக்கர நாற்காலிப் படம், கீழே பூட்டு. ஒருநாள் திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே துடைப்பக் கட்டு, பிளீச்சிங் பவுடர் மூட்டை, தண்ணீர் ஊற்றும் ஓஸ் பைப் சுருள், போன மலர்க் கண்காட்சியின் விளம்பரப் பலகைகள். சாவி மேஸ்திரியிடம் இருக்கும். மேஸ்திரி வேறு பூங்காவில் இருப்பார். அதனால் பூங்காவுக்கு வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. என் போன்ற பெண்கள் பலரும் வெளியே கிளம்பும் நாளில் இதைத்தான் செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று எங்கிருந்து வந்தது என்று பிறகு மருத்துவர் கேட்பார். பதில் அந்தத் துடைப்பக் கட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. பொழுதுபோக்குக்கான இடங்களும் அந்த வரையறைக்குள் அடக்கம். அவகாசம் 2022-லேயே முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், இந்த வசதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமான அளவுகோல்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் எங்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 11.8 லட்சம். முதியோருக்கும் குழந்தை வண்டிகளுக்கும் இந்தப் பாதை உதவும் என்று வாதாடும் வழக்கம் ஒன்று உண்டு. உண்மைதான், உதவும். ஆனால் எங்களுக்கு ஒரு பாதை வேண்டும் என்பதற்கு மற்றவர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வர எனக்கு விருப்பமில்லை.

மழைக்காலத்தில் பூங்காக்களுக்கு யார் வருவார்கள் என்ற எண்ணமும் நமக்குப் பொருந்தாது. செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது 2010 நவம்பரில். அதே கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது 2024 அக்டோபரில். ரிப்பன் வெட்ட மழை மாதங்களுக்கு அஞ்சாத ஊர் இது. (செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். காரை விட்டு இறங்காமலே உட்கார்ந்த இடத்தில் தோசை கிடைக்கும். எழுந்து நடக்க வேண்டும் என்று யாரையும் கேட்காத ஓர் உணவகம் இந்த ஊரில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.)

செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பலகைப் பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அலைக்கு அருகில் போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. ஊரே கிண்டல் செய்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் கவனித்தேன். பாதையைச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் போட்ட பாதை என்றால் புயலில் சேதமாகும், சரிசெய்ய வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். பூங்காவுக்கும் எனக்கு வேண்டியது அந்த ஒருவர்தான். 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் தாழ்தள பஸ்கள் ஓடுகின்றன. நடத்துநர் இறங்கி வந்து பலகையை விரித்துப் போடுகிறார். பஸ்ஸில் ஏறிப் பூங்கா வாசல் வரை வர வழி பிறந்துவிட்டது. உள்ளே போவதற்குத்தான் இன்னும் பிறக்கவில்லை.

அந்தச் சுற்றுப்பாதைக்குத் திரும்புகிறேன். பூங்கா முழுவதும் எனக்குத் திறக்க வேண்டாம். தொங்கு பாலமும் கூழாங்கல் பாதையும் எட்டு வடிவ நடைபாதையும் மற்றவர்களுக்கே இருக்கட்டும். அரை மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு சுற்று போதும். அதன் அகலம் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகும் அளவு, அதாவது ஆறடி இருக்க வேண்டும். பாதை நடுவில் எங்கும் முட்டுச்சந்தாக முடியக் கூடாது. முக்கால் தூரம் போன பிறகு ஒரே ஒரு படியைக் கண்டு, வந்த வழியே முழுவதும் திரும்புவதைவிட அலுப்பூட்டுவது வேறில்லை. அந்தச் சுற்றில் ஒரு கழிப்பறையும், படியில்லாத ஒரு கூரையும், கைப்பிடிச் சுவர் தாழ்ந்த ஒரு குளக்கரையும் வரட்டும். இப்போது இருக்கும் அல்லிக்குளத்தில் எனக்குத் தெரிவது சுவர்தான். அல்லி பூத்திருப்பதைத் தங்கை சொல்லித்தான் அறிந்துகொள்கிறேன். இரண்டு முழ நீளத்துக்குச் சுவரை இடித்துக் கம்பி வைத்தால் நானே பார்த்துக்கொள்வேன்.

வாசலில் ஒரு கரும்பலகையும் வையுங்கள். "இன்று குளக்கரைப் பாதையில் தண்ணீர் நிற்கிறது" என்று சாக்பீஸால் எழுதினால் போதும். மூடியிருப்பதில் வருத்தமில்லை. பாதி வழியில் தெரிந்துகொள்வதில்தான் வருத்தம். சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் பூங்காவை மூடுகிறீர்கள், அது சரியே. மறுநாள் திறக்கும்போது எல்லோருக்கும் திறங்கள்.

பாதையைக் குறிப்பதற்கு முன் எங்களில் இரண்டு பேரை அழைத்து உங்களோடு சுற்றிவரச் சொல்லுங்கள். வரைபடத்தை மேசையில் விரித்துக் கருத்துக் கேட்கும் கூட்டம் வேண்டாம், தேநீரும் வேண்டாம். மழை பெய்து முடிந்த ஒரு காலையில், ஒரு பொறியாளரும் ஒரு மேஸ்திரியும் பெருக்கும் அக்கா ஒருவரும் வந்தால் போதும். நான் அளவு நாடாவோடு வருகிறேன்.

பாதைக்கு நிதி ஒதுக்க நேரமாகும் என்றால் அதற்குக் காத்திருக்கிறேன். கழிப்பறைச் சாவியை மட்டும் நாளை காலை முதல் மேஸ்திரியின் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசல் காவலரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காவுக்குத் தவறாமல் வரும் ஒரு சக்கர நாற்காலிக்காரி
சென்னை